‘பஞ்சி’ என்று முடிவு கட்டுமுன்: பிள்ளைகளுக்கான ஒக்கியுபேஷனல் தெரபி

“ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன தொழில்?” பாடசாலையிலிருந்து வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தகப்பனார் என்னிடம் கேட்ட கேள்வி இது. ஒக்கியுபேஷனல் தெரபி என்றதும் அது வேலை பழக்கும் சிகிச்சை என்றே எம்மில் பலர் நினைக்கிறோம். தமிழில் ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்று எழுதுவதும் அந்த மயக்கத்தைக் கூட்டுகிறது.

இங்கே ‘ஒக்கியுபேஷன்’ என்பது ஒருவருடைய நாள் எவற்றால் நிரம்பியிருக்கிறதோ அவை எல்லாவற்றையும் குறிக்கும். ஒரு பிள்ளைக்கு அவை என்ன? எழும்பிப் பல் விளக்குவது, யூனிஃபோர்ம் போடுவது, சப்பாத்து நாடா கட்டுவது, தானே சாப்பிடுவது, ரொயிலற் போய்ச் சுத்தம் செய்வது, பென்சில் பிடித்து எழுதுவது, மற்றப் பிள்ளைகளோடு பந்து விளையாடுவது. இவற்றில் எது, எந்தப் படியில், ஏன் தடைப்படுகிறது என்று ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட் பார்ப்பார். பிறகு பிள்ளைக்குப் பழக்கியோ, செய்யும் முறையை மாற்றியோ, கதிரையையும் கரண்டியையும் மாற்றியோ அதைச் செய்ய வைப்பார். பிசியோதெரபிஸ்ட் காலின் பலத்தையும் நடையையும் பார்க்கிறார் என்றால், இவர் அந்தக் காலோடு பிள்ளை பாடசாலைப் படியேறி, பையைக் கொழுவிவிட்டு, கதிரையில் நிமிர்ந்து இருந்து எழுத முடிகிறதா என்று பார்ப்பவர். ஒரே பிள்ளைக்கு இருவரும் தேவைப்படுவதும் உண்டு.

இங்கிலாந்தில் இத்துறைக்கான முதலாவது பயிற்சிப் பாடசாலையை 1930இல் டொக்டர் எலிசபெத் காசன் பிரிஸ்டல் நகரில் ஆரம்பித்தார். இன்று இத்துறையினர் என்.எச்.எஸ் கிளினிக்குகளிலும் கவுன்சில்களிலும் பாடசாலைகளிலும் வேலை செய்கிறார்கள்.

எந்தப் பிள்ளைகளுக்கு இது தேவைப்படும்? பெருமூளை வாதம், டவுன் சின்ட்ரோம், ஓட்டிசம் போன்றவை இருந்தால் வைத்தியர்களே பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். எமது வீடுகளில் தவறிப்போவது வேறொரு வகைப் பிள்ளை. நன்றாகக் கதைப்பான், கேள்வி கேட்டால் பதில் சொல்வான், கணக்கும் வரும். ஆனால் எழுத உட்கார்ந்தால் இரண்டு வரியில் கை நோகிறது என்பான். பந்து பிடிக்கத் தெரியாது. படியில் தடுக்கி விழுவான், மேசையில் இருக்கும் கிளாஸைத் தட்டி ஊற்றுவான். இதற்கு ‘டிவலப்மென்டல் கோஓர்டினேஷன் டிசோடர்’ என்று பெயர். ‘டிஸ்பிரக்சியா’ என்றால் பாடசாலைகளில் கெதியாக விளங்கும். பாடசாலை வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 அல்லது 6 பேருக்கு இது இருக்கலாம் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. அப்படியானால் 30 பேர் உள்ள வகுப்பில் ஒருவரோ இருவரோ. இது புத்திக் குறைவும் அல்ல, வளர்ப்புப் பிழையும் அல்ல. அசைவுகளைத் திட்டமிட்டுக் கோர்ப்பதில் உள்ள சிரமம். பொதுவாக ஐந்து வயதுக்கு முன் இதை உறுதியாகச் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் சின்னப் பிள்ளைகள் எல்லோருமே தடுமாறித்தான் வளர்கிறார்கள்.

வெள்ளைக்காரப் பிள்ளை என்றால் இது வீட்டிலேயே கண்ணில் படும். எமது வீட்டில் படாது. ஐந்து வயதிலும் ஆறு வயதிலும் நாங்கள் தீத்தி விடுகிறோம். காலையில் அம்மா வேலைக்கு ஓட வேண்டும், அப்பா இரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்திருப்பார், பிள்ளை பொத்தான் பூட்டும்வரை யார் பார்த்துக்கொண்டிருப்பது? நாங்களே வெளிக்கிடுத்தி அனுப்பிவிடுகிறோம். அன்பும் அவசரமும் சேர்ந்து பிள்ளையின் சிரமத்தை மூடிவிடுகின்றன. பாடசாலையில் அது வெளியே வரும்போது நாங்கள் அதற்குப் ‘பஞ்சி’ என்று பெயர் வைக்கிறோம். ‘ஆம்பிளைப் பிள்ளையள் அப்பிடித்தான்’ என்பது அடுத்த சமாதானம்.

இவ்விடத்தில் எனது பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் தெரிந்த குடும்பமொன்றுக்கு மொழி உதவிக்காகக் கிளினிக் ஒன்றுக்குப் போயிருந்தேன். (அந்தத் தாயின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.) பிள்ளை தானே சாப்பிடுவாரா என்று தெரபிஸ்ட் கேட்டார். “சாப்பிடுவான், நான் தீத்தினால்தான் முடிப்பான்” என்றார் தாய். “நன்றாகச் சாப்பிடுவார்” என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். உடுப்பு? “போடுவான், பொத்தானும் மேசும் மட்டும் நான் போட்டு விடுவன்.” அதையும் “போடுவார்” என்று முடித்துவிட்டேன். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தீத்துகிறோம் என்று அந்தப் பெண்ணுக்கு முன்னால் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. தாய்க்கும் தன் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லத்தான் விருப்பம்.

சில கிழமைகளில் கடிதம் வந்தது. அன்றாட வேலைகளில் சிரமம் எதையும் பெற்றோர் தெரிவிக்கவில்லை, ஆலோசனைத் தாள் இணைக்கப்பட்டுள்ளது, இத்துடன் கோப்பு மூடப்படுகிறது. கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. நாங்கள் சொன்னதைத்தான் எழுதியிருந்தார்கள். மறுபடியும் பாடசாலை பரிந்துரை எழுதி, மறுபடியும் வரிசையில் நின்று, அடுத்த தவணை கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது. அதற்கிடையில் பையன் வகுப்பில் எழுதுவதையே நிறுத்திவிட்டான். ரியூசனில் ஏச்சு வேறு. ‘நான் மொக்கன்’ என்று தங்கச்சிக்குச் சொல்லியிருக்கிறான்.

இரண்டாம் முறை என்.எச்.எஸ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்டு எடுத்தோம். தாய் ஒரு கடதாசியும் கொண்டுபோனார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடந்ததை அப்படியே தமிழில் எழுதியிருந்தார். சேட் போட 12 நிமிடம். ஐந்து பொத்தானில் ஒன்றைத்தான் தானே பூட்டினான். மேசின் குதிப்பக்கம் மேலே வந்துவிட்டது. அதைத் திருப்பத் தெரியவில்லை. பால் ஊற்றியதில் பாதி மேசையில். நாடாவை நான் கட்டினேன். பல் விளக்கியதில் ஒரு பக்கம் மட்டும். கடைசியில் இருவரும் அழுதோம். அந்த ஒரு பக்கக் கடதாசியைத் தெரபிஸ்ட் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு இரண்டு தரம் வாசிக்கச் செய்தார். அதன்பிறகு பையனைச் சோதித்தார்.

சோதனை என்றதும் ஊசி, ஸ்கான் என்று பயப்படத் தேவையில்லை. ‘மூவ்மென்ட் ஏ.பீ.சி’ என்ற சோதனையையே பரவலாகப் பாவிக்கிறார்கள். கைவேலை, குறி பார்த்து எறிவதும் பிடிப்பதும், சமநிலை என்று அதில் மூன்று பகுதிகள். பிள்ளைக்கு அது விளையாட்டுப் போலத்தான் இருக்கும். கிடைக்கும் புள்ளிகளை அதே வயதுப் பிள்ளைகளுடையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ‘டிஸ்பிரக்சியா’ என்று முடிவு சொல்வது குழந்தை நல வைத்தியர். வேறு நரம்பு நோய்கள் இல்லை என்று அவர் பார்க்க வேண்டும்.

அந்தப் பையனுக்குக் கிடைத்தது ஆறு அமர்வுகள்தான். எதைப் பழக வேண்டும் என்று தெரபிஸ்ட் அவனிடமே கேட்டார். கையெழுத்து என்று தாய் எதிர்பார்த்தார். அவன் சொன்னது ஃபுட்போல் சப்பாத்தின் நாடா. அதிலிருந்தே தொடங்கினார்கள். என்ன செய்யப்போகிறாய், எப்படிச் செய்யப்போகிறாய், செய்து பார், சரிவந்ததா, வராவிட்டால் எதை மாற்றலாம் என்று பிள்ளையையே யோசிக்க வைக்கும் முறை இது, கனடாவில் உருவானது. பந்தை உருட்டி, கையை உதறிப் பொதுவாகப் ‘பலப்படுத்துவதை’ விட, எந்த வேலை வரவில்லையோ அந்த வேலையையே பழக்குவது பயன் தரும் என்பதே 2019இல் வெளியான சர்வதேச வழிகாட்டியின் நிலைப்பாடும்.

ஆகவே தவணைக்குப் போகுமுன் ஒரு நாளை எழுதுங்கள். நல்ல நாளை அல்ல, சாதாரண நாளை. ‘எழுதக் கஷ்டப்படுகிறான்’ என்பதை விட ‘ஐந்து வரி எழுத அரை மணி நேரம், அதற்குள் மூன்று தரம் கையை உதறுகிறான்’ என்பது உதவும். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. வீட்டில் தீத்துவதை மறைக்க வேண்டாம். எங்கள் பிள்ளைகள் கையால் சாப்பிடுகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். கத்தியும் முள்ளுக்கரண்டியும் பிடிக்கத் தெரியாது என்று குறிக்கப்பட்ட பிள்ளை, வீட்டில் அவற்றைத் தொட்டே இருக்கமாட்டாது. அதேநேரம் சோற்றைக் குழைத்து, விரல் நுனியில் திரட்டி, சிந்தாமல் வாயில் வைப்பதும் நுணுக்கமான கைவேலைதான். அது வருகிறதா இல்லையா என்பது தெரபிஸ்டுக்குப் பயனுள்ள செய்தி.

எப்படிப் பெறுவது?

கீழே சொல்வது இங்கிலாந்துக்கு உரியது. வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றில் என்.எச்.எஸ் சேவை இலவசம் என்பது ஒன்றுதான், கல்விச் சட்டம் வேறு.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் ஹெல்த் விசிட்டர் அல்லது ஜி.பி. பாடசாலை போகும் பிள்ளை என்றால் ‘சென்கோ’ எனப்படும் விசேட தேவைகளுக்குப் பொறுப்பான ஆசிரியர். இது எல்லாப் பாடசாலையிலும் உண்டு. வகுப்பு ரீச்சரிடம் வாசலில் நின்று சொல்வதோடு விட்டுவிடாமல், சென்கோவைச் சந்திக்க வேண்டும் என்று ஈமெயிலில் கேளுங்கள். பல இடங்களில் ஒக்கியுபேஷனல் தெரபிக்கான பரிந்துரையைப் பாடசாலை மூலமாகவே எடுக்கிறார்கள். சில இடங்களில் பெற்றோரே படிவம் நிரப்பலாம். உங்கள் பகுதியில் எது நடைமுறை என்பது கவுன்சிலின் ‘லோக்கல் ஒஃபர்’ என்ற இணையப் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு கவுன்சிலும் அதை வெளியிட வேண்டும் என்பது சட்டம்.

பரிந்துரை போனவுடன் தெரபிஸ்ட் வந்துவிடமாட்டார். பல மாதங்கள் காத்திருக்க நேரலாம். முதலில் பெற்றோருக்கு ஒரு வகுப்பு, பாடசாலைக்கு ஓர் ஆலோசனைத் திட்டம் என்றுதான் பல சேவைகள் தொடங்குகின்றன. இதைத் தட்டிக்கழிப்பதாக எடுக்காமல் அந்த வகுப்புக்குப் போங்கள். அதற்குப் போகாததால் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்ட குடும்பங்கள் உண்டு. வீடு மாறினாலோ ஃபோன் இலக்கம் மாறினாலோ உடனே அறிவியுங்கள்.

காத்திருக்கும் காலத்திலும் பாடசாலை உதவ வேண்டும். வகுப்பில் ‘சென் சப்போட்’ என்ற உதவி கிடைக்க வைத்தியரின் முடிவு தேவையில்லை. ‘டயக்னோசிஸ் வந்தபிறகு பார்ப்போம்’ என்று சொன்னால் அதைப் பணிவாக மறுக்கலாம்.

உதவி போதாத பிள்ளைக்கு ‘ஈ.எச்.சி பிளான்’ என்ற சட்டபூர்வமான திட்டம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டத்தின்படி, இதற்கான மதிப்பீட்டைப் பெற்றோரே கவுன்சிலுக்குக் கடிதம் எழுதிக் கேட்கலாம். பாடசாலையின் சம்மதம் தேவையில்லை. மதிப்பீடு செய்வதா இல்லையா என்று கவுன்சில் 6 கிழமைக்குள் சொல்ல வேண்டும். திட்டம் கொடுப்பதானால் கேட்ட நாளிலிருந்து 20 கிழமைக்குள் முடிக்க வேண்டும். இந்தக் காலக்கெடு பல இடங்களில் தவறுகிறது என்பதும் உண்மை. ஆகவே கடிதத்தின் பிரதியையும் அனுப்பிய திகதியையும் வைத்திருங்கள். மறுத்தால் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம், கட்டணம் இல்லை. பெரும்பாலும் முதலில் சமரசச் சான்றிதழ் ஒன்று எடுக்க வேண்டும், காலவரையறையும் உண்டு. கடிதம் வந்ததும் மேசை லாச்சியில் போட்டுவிடாதீர்கள்.

திட்டத்தின் வரைவு வந்தால் ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். எழுதவும் உடுக்கவும் பழக்கும் தெரபி பிள்ளைக்குக் கற்பிப்பது. ஆகவே அது கல்வி உதவிகள் எழுதப்படும் ‘எஃப்’ பகுதியில் வரவேண்டும். சுகாதாரம் பற்றிய ‘ஜி’ பகுதியில் மட்டும் இருந்தால், கொடுக்க வேண்டிய சட்டக் கடமை கவுன்சிலிடம் இராது. எத்தனை தடவை, எவ்வளவு நேரம், யார் தருவது என்றும் இருக்க வேண்டும். ‘தேவைக்கேற்பத் தெரபிஸ்டின் ஆலோசனை கிடைக்கும்’ என்ற வசனம் கேட்க நன்றாக இருக்கும். ஒரு வருடம் கழித்து, என்ன கிடைத்தது என்று கேட்க அதில் ஒன்றும் இராது.

இந்தத் திட்ட முறையை மாற்றுவது பற்றி அரசாங்கம் 2025 முதல் பேசி வருகிறது. எனவே விண்ணப்பிக்கும் நேரத்தில் உள்ள விதியைக் கேட்டறியுங்கள். ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் ‘செண்டியாஸ்’ என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது. ‘இப்சியா’ என்ற தொண்டு நிறுவனம் மாதிரிக் கடிதங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. பிள்ளையின் விபரத்தைச் சேர்த்தால் போதும்.

சக்கர நாற்காலி, குளியலறை மாற்றம் போன்றவை தேவைப்படும் பிள்ளைகளின் வீட்டை வந்து பார்ப்பவரும் ஓர் ஒக்கியுபேஷனல் தெரபிஸ்டே. அவர் பெரும்பாலும் கவுன்சிலின் சமூக சேவைப் பிரிவைச் சேர்ந்தவர். இங்கிலாந்தில் வீட்டை மாற்றியமைக்க 30,000 பவுண் வரை மானியம் உண்டு, பிள்ளைக்காகக் கேட்கும்போது பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கான ‘டி.எல்.ஏ’ கொடுப்பனவும் வருமானத்தைப் பொறுத்ததல்ல. ஆனால் விசாவில் ‘பொது நிதி பெறமுடியாது’ என்று இருப்பவர்கள், டி.எல்.ஏ கேட்குமுன் குடிவரவுச் சட்ட ஆலோசனை பெறவேண்டும். என்.எச்.எஸ் தெரபியும் பாடசாலை உதவியும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றைக் கேட்கப் பயப்படத் தேவையில்லை.

காசு கொடுத்துப் பார்ப்பதென்றால்

வரிசை நீளம் என்று தனியாரிடம் போகிறவர்கள் உண்டு. ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட் என்று தன்னை அழைத்துக்கொள்ள ‘எச்.சி.பி.சி’ பதிவு கட்டாயம். அதன் இணையத்தில் பெயரைப் போட்டால் நிமிடத்தில் தெரிந்துவிடும். ‘சென்சரி’ சிகிச்சை என்ற பெயரில் ஊஞ்சல், பாரப் போர்வை, மாதக்கணக்கான பொதிகள் விற்கப்படுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கத் தெரபிஸ்டான ஜீன் அயர்ஸ் வளர்த்தெடுத்த கொள்கை இதற்கு அடிப்படை. சத்தமும் தொடுகையும் சில பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துவது உண்மை. ஆனால் அந்தச் சிகிச்சைக்கான ஆதாரம் மட்டுப்பட்டது என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கம் 2012இல் பெற்றோரை எச்சரித்தது. ‘எந்த அன்றாட வேலை, எத்தனை கிழமையில் மாறும்?’ என்று கேளுங்கள். பதில் தெளிவில்லாவிட்டால் காசைக் கட்டாதீர்கள்.

காத்திருக்கும் காலத்தில் வீட்டில்

பொத்தான், மேஸ், நாடா எதுவானாலும் கடைசிப் படியிலிருந்து பழக்குங்கள். மேசைக் குதிக்கால் தாண்டும்வரை நீங்கள் போட்டுவிட்டு, மேலே இழுப்பதை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். அது வந்தபின் அதற்கு முந்திய படி. ஒவ்வொரு தடவையும் ‘முடித்தது நான்தான்’ என்ற சந்தோஷம் பிள்ளைக்கு. இதைக் காலை அவசரத்தில் செய்ய வேண்டாம், சனி ஞாயிறில் தொடங்குங்கள். எழுதும்போது பாதம் நிலத்தில் படவேண்டும். எட்டாவிட்டால் ஒரு பெட்டியை வையுங்கள். தடித்த ஃபைல் ஒன்றைச் சரிவாக வைத்து அதன்மேல் எழுதவிடலாம். ரொட்டிக்கு மா குழைப்பது, இடியப்ப உரல் பிழிவது, பயறு பொறுக்குவது எல்லாம் இரண்டு கையும் சேரும் வேலைகள். குசினி கொஞ்சம் ஊத்தையாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரு வயது நிறையுமுன்னே ஒரு கையை மட்டும் பாவிப்பது, செய்து வந்த வேலையைப் பிள்ளை செய்ய முடியாமல் இழப்பது, ஒரு பக்கம் பலமிழப்பது: இவற்றுக்கு உடனே ஜி.பி.

தவணைக் கடிதம் வந்த அன்றே ஃபோன் எடுத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. ஆங்கிலம் தெரிந்த மூத்த பிள்ளையையோ, என்னைப் போன்ற அயலவரையோ கூட்டிப் போகாதீர்கள். நாங்கள் வெட்கப்பட்டு விழுங்குவதை அவர் விழுங்கமாட்டார்.

எமது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘ண’வும் ‘ஞ’வும் சுழி சுழியாய் வரும் எழுத்துகள், கையில் சிரமம் உள்ள பிள்ளை அங்கேதான் முதலில் பிடிபடும். வாயால் சரியாகச் சொல்லும் பிள்ளை கொப்பியில் மட்டும் எழுத முடியாமல் நின்றால், நூறு தரம் எழுதிவரச் சொல்லாமல், அந்தக் கொப்பியின் இரண்டு பக்கத்தைப் படம் பிடித்துத் தாயிடம் கொடுங்கள். சென்கோவிடம் காட்ட அது உதவும்.